ஹெட்செட் துளையை அடைத்தவர்களுக்குக் கம்பத்திலிருந்து ஒரு திறந்த மடல்

இந்தியாவில் செல்போன் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

போன மாதம் என் அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தேன். பழைய போனின் பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டு நின்றது. புதுப் போனின் விலை 13,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அம்மா பெட்டியைப் பிரித்தார், பேரப்பிள்ளைகளின் போட்டோ தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்தார், சரி என்று தலையாட்டினார். அப்புறம் தலையணைக்கு அடியிலிருந்து தன்னுடைய கறுப்பு ஹெட்செட்டை எடுத்தார். போனின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம், இரண்டு ஓரம் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏப்பா, வயர எங்குட்டுச் சொருகுறது?"

எனக்குப் பதில் வரவில்லை. கம்பத்தில் 16 வருடமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் நான். அந்த விலைப் போனில் ஹெட்செட் துளை இருக்கும் என்று நம்பி, பார்க்காமலே வாங்கிவிட்டேன். அதே வரிசையில் முந்தைய வருடம் வந்த போனில் இருந்தது. இந்த வருடம் எடுத்துவிட்டார்கள். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பது பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்தது. துளை இல்லை என்பதற்கு எந்த மூலையிலும் ஒரு வரி இல்லை.

எடுப்பது என்று முடிவு செய்தவர்கள் நீங்கள். அந்த முடிவு எங்கள் பக்கத்தில் என்ன செய்கிறது என்று உங்களிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

கம்பம் தேனி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டி இருக்கிறது. மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம். விடியற்காலையில் கம்பம், கூடலூர், உத்தமபாளையம் சுற்றுவட்டாரத்திலிருந்து ஜீப்புகள் கிளம்பும். கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் ஏறி, வண்டன்மேடு, அணக்கரைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வரும். போடிக்காரர்கள் போடிமெட்டு வழியாக ஏறுவார்கள். பெரும்பாலும் பெண்கள். என் அம்மாவும் அப்படி 31 வருடம் போய் வந்தவர். முழங்கால் தேய்ந்துபோய் இப்போது வீட்டில் இருக்கிறார்.

அத்தனை வருடமும் அவருக்குத் துணை கோடைப் பண்பலை. கொடைக்கானலிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் வருகிற அகில இந்திய வானொலி. 2,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள ஊரிலிருந்து ஒலிபரப்பாவதால் எங்கள் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். மலைக்கு அந்தப் பக்கமும், சரிவு பார்த்து நின்றால் தோட்டத்துக்குள்ளேயே கேட்கும். முதலில் ஒரு கையடக்க டிரான்சிஸ்டரைத் துணியில் சுற்றி எடுத்துப் போவார். பட்டன் போன் வந்ததும் அதில் கேட்டார். அப்புறம் டச் போனில் கேட்டார். போன் மாறியதே தவிர ஹெட்செட் சொருகும் இடம் மாறவில்லை.

போனில் எஃப்.எம். எப்படி வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதை ஒழுங்காகப் பிடிக்க அதில் கால் பங்கு, அதாவது முக்கால் மீட்டர் கம்பியாவது இருந்தால் நல்லது. அவ்வளவு நீளத்துக்குப் போனுக்குள் இடம் கிடையாது. அதனால் ஹெட்செட் வயரையே ஆன்டெனாவாகப் பயன்படுத்தினார்கள். பெரும்பாலான போன்களில் வயரைச் சொருகாவிட்டால் எஃப்.எம். திறக்கவே திறக்காது, 'ஹெட்செட்டை இணைக்கவும்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். ஸ்பீக்கரில் வைத்து நாலு பேர் சேர்ந்து கேட்பதானாலும் வயர் சொருகியிருக்க வேண்டும்.

இதனால் எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு காதில் சத்தம் போன ஹெட்செட்டையும் இரண்டு காதும் செத்துப்போன ஹெட்செட்டையும் தூக்கிப் போட மாட்டார்கள். தோட்டத்துக்குப் போகிற அக்காமார் என் கடைக்கு வந்து, "காது போன ஹெட்செட் கெடந்தா ஒண்ணு குடு தம்பி, ஏரியலுக்கு ஆகும்" என்று கேட்பார்கள். அப்படிக் கொடுப்பதற்கென்றே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கொத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். அதற்குக் காசு வாங்கியதில்லை. பாட்டே கேட்காத ஒரு வயருக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பது, துளையை எடுக்கலாமா என்று நீங்கள் உட்கார்ந்து பேசிய அறையில் யாருக்காவது தெரிந்திருந்ததா?

வயர் இல்லாத பட்ஸ் இருக்கிறதே என்பீர்கள். ஏலக்காய் எடுப்பதை ஒரு நாள் வந்து பாருங்கள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும், ஆனால் காய் மேலே இருக்காது. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு தரையாக ஓடும் சரத்தில் இருக்கும். உட்கார்ந்து அல்லது முதுகு ஒடியக் குனிந்து, தட்டைகளுக்கு நடுவே தலையை நுழைத்துத்தான் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் தலைக்கு மேல் பிளாஸ்டிக் தாள் வேறு. நிமிரும்போதும் குனியும்போதும் இலை முகத்தில் அடிக்கும். வயர் ஹெட்செட் காதிலிருந்து கழன்றால் நெஞ்சில் தொங்கும். பட்ஸ் விழுந்தால் நனைந்த சருகுக்குள் போய்விடும், தேடுகிற நேரத்துக்குக் கங்காணி சும்மா இருக்க மாட்டார். போன சீசனில் ஒரு தங்கச்சி 900 ரூபாய்க்குப் பட்ஸ் வாங்கிப் போனது. மூன்றாம் நாளே வந்து, "அண்ணே, ஒத்தக் காது மட்டும் கெடைக்குமா?" என்று கேட்டது. ஒற்றைக் காது விற்பனைக்கு இல்லை என்று சொன்னபோது அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. 100 ரூபாய் வயர் ஹெட்செட்டில் அதற்கு அந்த நிலைமை வந்திருக்காது. ஆனால் அது வைத்திருந்த போனில் துளை இல்லை.

2018 ஆகஸ்டுக்கு வருகிறேன். 26 வருடத்துக்குப் பிறகு இடுக்கி அணையின் மதகுகளைத் திறந்த மழை அது. மலைப்பாதைகள் பல இடங்களில் அறுந்துபோயின. வண்டிப்பெரியாறு பக்கத்திலிருந்து என் கடைக்கு வழக்கமாக வருகிற ஒருவர், மழை விட்ட பிறகு சார்ஜிங் பின் மாற்ற வந்தார். நான்கு நாள் கரன்ட் இல்லை, டவர் இல்லை என்றார். போனை எப்போதும் அணைத்தே வைத்திருந்து, காலையும் மாலையும் எஃப்.எம். கேட்க மட்டும் ஆன் செய்தார்களாம். எந்தப் பாதை போயிருக்கிறது, எங்கே தண்ணீர் ஏறுகிறது என்று அதில்தான் தெரிந்ததாம். எஃப்.எம். பேட்டரியை அதிகம் தின்னாது, டேட்டா கேட்காது. ஒரு சார்ஜை நான்கு நாளைக்கு இழுக்க முடிந்தது அதனால்தான்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். கரன்ட்டும் போன் தொடர்பும் இல்லாததால் மறுநாள் காலையில்தான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. அன்றைக்கு ரேடியோ இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொன்னால் அது பொய். மலையில் டவர் எவ்வளவு சுலபமாக நின்றுபோகும் என்பதற்காகச் சொல்கிறேன். டவர் நின்றால் வாட்ஸ்அப் நிற்கும், யூடியூப் நிற்கும், நீங்கள் விளம்பரம் செய்கிற எல்லாம் நிற்கும். கோடைப் பண்பலை வேறொரு மலையிலிருந்து வருகிறது. டவர் நின்றதால் அது நிற்காது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 2023 ஏப்ரலில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் உங்கள் சங்கங்களுக்கே ஓர் அறிவுரைக் கடிதம் அனுப்பியது. போனில் எஃப்.எம். வசதி இருந்தால் அதை முடக்காதீர்கள், இல்லாவிட்டால் சேருங்கள் என்று அதில் கேட்டுக்கொண்டது. பேரிடர் நேரத்தில் ரேடியோவின் தேவையையும் அது எடுத்துச் சொன்னது. அதற்குப் பிறகுதான் என் அம்மாவின் புதுப் போன் தயாரானது. அதில் துளையும் இல்லை, எஃப்.எம்.மும் இல்லை.

சரி, துளையை ஏன் எடுத்தீர்கள்? நீங்கள் சொன்ன காரணங்களை நான் தொழில்காரனாகவே பார்க்கிறேன்.

2016 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7-இல் ஜாக்கை, அதாவது ஹெட்செட் துளையை எடுத்தது. மேடையில் நின்று அதற்குத் 'துணிச்சல்' என்று பெயர் வைத்தார்கள். அதே மேடையில் 159 டாலருக்கு ஏர்பாட்ஸ் என்கிற வயர் இல்லாத பட்ஸையும் அறிமுகம் செய்தார்கள். அதே வருடம் கூகுள் தன் முதல் பிக்சல் போனில் ஜாக் இருப்பதை விளம்பரத்தில் சொல்லிக்காட்டியது. அடுத்த வருடம் பிக்சல் 2-இல் எடுத்துவிட்டது. ஜாக் இல்லாததைச் சொல்லி ஐபோனைக் கேலி செய்து விளம்பரம் போட்ட சாம்சங்கும் 2019 ஆகஸ்டில் நோட் 10-இல் எடுத்தது. லட்ச ரூபாய்ப் போனில் ஆரம்பித்தது, இப்போது 10,000, 15,000 ரூபாய்ப் போனுக்கு இறங்கி வந்துவிட்டது. லட்ச ரூபாய் கொடுப்பவர் இன்னொரு பத்தாயிரத்துக்குப் பட்ஸ் வாங்கிக்கொள்வார். தவணையில் 12,000 ரூபாய்ப் போன் வாங்குகிற ஏலத்தோட்டத்து அக்கா என்ன செய்வார்?

தண்ணீர் புகாமல் இருக்க எடுத்தோம் என்றீர்கள். 2016-இல் வந்த சாம்சங்கின் கேலக்ஸி எஸ் 7 ஜாக்கோடு ஐபி 68 தரத்தில், அதாவது தண்ணீரில் மூழ்கினாலும் தாங்குகிற தரத்தில் இருந்தது. 2019-இல் வந்த எஸ் 10-ம் அப்படித்தான். 2018-இல் எடுத்த ஜாக்கை 2020-இல் எக்ஸ்பீரியா 1 மார்க் 2-இல் திரும்பக் கொண்டுவந்த சோனியும் தண்ணீர்க் காப்பை விடவில்லை. இடம் போதவில்லை என்றீர்கள். ஐபோன் 7-ஐப் பிரித்துப் பார்த்தவர்கள் ஜாக் இருந்த இடத்தில் கண்டது ஒரு பிளாஸ்டிக் துண்டு. காற்றழுத்தம் சமன்செய்ய வைத்தது என்று நிறுவனம் சொன்னது. 2017-இல் சீனாவின் ஷென்ஷென் சந்தையில் கிடைத்த பாகங்களை வைத்து ஒரு பொறியாளர் அதே ஐபோன் 7-க்குள் வேலை செய்கிற ஜாக்கைப் பொருத்திக் காட்டினார். அந்த வீடியோவை என் கடைப் பையன்களைப் பக்கத்தில் உட்காரவைத்து மூன்று தடவை பார்த்தேன். தனி ஆளால் முடிந்தது உங்கள் தொழிற்சாலையால் முடியாது என்பதை ஏற்க முடியவில்லை.

பழைய தொழில்நுட்பம் என்கிறீர்கள். பழையதுதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் சொருகிய தடித்த பின்னின் பேரப்பிள்ளை இது. டிரான்சிஸ்டர் ரேடியோ காலத்தில் 3.5 மில்லிமீட்டராகச் சிறுத்தது, 1979-இல் வாக்மேனோடு உலகமெல்லாம் போனது. அந்த வாக்மேனோடு வந்த ஹெட்செட்டை, நல்ல நிலையில் இருந்தால், இன்றைக்கு ஜாக் உள்ள எந்தப் போனிலும் சொருகிக் கேட்கலாம். எந்த ஆப்பும் வேண்டாம், புளூடூத்தில் இணைக்க வேண்டாம், எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டாம். நான் பார்க்கிற வேலையில் இவ்வளவு நாள் ஒரே அளவில் நிலைத்த பாகம் வேறு ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். சார்ஜிங் பின் மட்டும் என் 16 வருடத்தில் எத்தனை வகை பார்த்துவிட்டேன்!

சார்ஜ் போடும் டைப்-சி துளையில் மாட்டி ஹெட்செட்டைச் சொருகுகிற கன்வெர்ட்டரை வாங்கிக்கொள்ளச் சொல்கிறீர்கள். டைப்-சி கன்வெர்ட்டரில் இரண்டு ஜாதி உண்டு என்பது உங்களுக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. ஒன்றில் வெறும் வயர்தான். போனே டிஜிட்டல் ஒலியை ஹெட்செட்டுக்கு ஏற்ற மின் அலையாக மாற்றி வெளியே அனுப்பினால்தான் வேலை செய்யும். இன்னொன்றில் சின்ன சிப் இருக்கும், மாற்றுகிற வேலையை அதுவே செய்துகொள்ளும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. எந்தப் போனுக்கு எது என்று நீங்கள் பெட்டியில் போடுவதில்லை. கூடலூர்க்கார அக்கா ஒருவர் சந்தையில் 120 ரூபாய்க்கு வாங்கினார், வேலை செய்யவில்லை. இன்னொரு கடையில் 180-க்கு வாங்கினார், அதுவும் இல்லை. மூன்றாவதாக என்னிடம் வந்தார். சிப் வைத்த கன்வெர்ட்டரை மாட்டினேன், பாட்டு வந்தது. "சரி தம்பி, இப்ப கோடைய வையி" என்றார். அந்தப் போனில் எஃப்.எம். என்ற ஒன்றே இல்லை என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். கன்வெர்ட்டருக்குக் காசு வாங்க எனக்கு மனசு வரவில்லை.

டைப்-சி இயர்போன் வயரை ஆன்டெனாவாக எடுத்துக்கொள்ளும் போன்கள் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். ஆக, வழி உங்களுக்குத் தெரிந்தேதான் இருக்கிறது. மற்றப் போன்களில் அதைச் செய்யாமல் விட்டிருக்கிறீர்கள். வானொலியை ஆப்பில் கேட்கலாமே என்று சொல்லாதீர்கள். கேட்கலாம்தான், டவரும் டேட்டாவும் இருக்கிற இடத்தில். கம்பம்மெட்டு ஏறுகிற வழியிலேயே சிக்னல் போய்ப் போய் வரும்.

ஒரே துளையில் எல்லா வேலையும் என்று ஆனதில் இன்னொரு கேடு இருக்கிறது. உருண்டையான ஜாக் பின், வயர் இழுக்கிற பக்கம் சுழன்று கொடுக்கும். தட்டையான டைப்-சி பின் சுழலாது. போன் சட்டைப் பையில் கிடந்து வயர் இழுபடும்போதெல்லாம் உள்ளே இருக்கிற நாக்கை நெம்பும். இப்போது என் மேஜைக்கு வருகிற சார்ஜிங் பின் வேலையில் நிறையப் பேர் கன்வெர்ட்டர் மாட்டிக் கேட்டவர்கள். ஹெட்செட் ஜாக் கெட்டால் ரேடியோ மட்டும் போகும். சார்ஜிங் பின் கெட்டால் போனே போகும். சார்ஜிங் போர்டு மாற்ற 500 முதல் 1,500 ரூபாய் வரை ஆகிறது. சார்ஜ் போட்டுக்கொண்டே கேட்கவும் வழி இல்லை. இரவு சார்ஜ் போட்டபடி தூக்கம் வரும் வரை கேட்டது என் அம்மாவின் 15 வருடப் பழக்கம்.

குமுளி பஸ் ஸ்டாண்டு பக்கம் கேரளா லாட்டரி விற்கும் ஓர் அண்ணனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கம்பத்துக்காரர், கண் தெரியாதவர். தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை என்பதால் தினமும் பஸ் ஏறிக் குமுளிக்குப் போய் விற்கிறார். அவர் போனில் டாக்பேக் ஓடுகிறது. திரையில் விரல் படுகிற ஒவ்வொன்றையும் வாசித்துச் சொல்லும். புளூடூத்தில் அந்தக் குரல் கொஞ்சம் பிந்தித்தான் வரும். பாட்டுக் கேட்கிற நமக்கு அது தெரியாது. விரல் வைத்த எண் எது என்று காதால் மட்டுமே அறிகிற ஒருவருக்கு, குரல் வருவதற்குள் விரல் அடுத்த எண்ணுக்குப் போயிருக்கும். ஸ்பீக்கரில் வைக்கலாம் என்றால், பேங்க் பேலன்ஸும் ஓ.டி.பி.யும் பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும். வயர் ஹெட்செட் ஒன்றுதான் அவருக்குச் சரிப்படுகிறது. அவருடைய போன் ஐந்து வருடப் பழசு. அதன் ஜாக்கை நான் இரண்டு தடவை மாற்றிவிட்டேன், திரையை ஒரு தடவை. "புதுசு வேணாம்ப்பா, இது ஓடுற வரைக்கும் ஓட்டிக் குடு" என்கிறார். அந்தப் போனுக்குப் பாகம் வருவது நின்றுகொண்டிருக்கிறது. நின்றுவிட்டால் அவருக்கு எந்தப் போனைக் காட்டுவது என்று எனக்கே தெரியவில்லை.

என் மேஜைக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. அது நிறையச் செத்த பட்ஸ். சரிசெய்ய முடியுமா என்று கொண்டுவந்து, முடியாது என்றதும் இங்கேயே விட்டுவிட்டுப் போனவர்களுடையவை. ஒவ்வொன்றுக்குள்ளும் சின்ன லித்தியம் பேட்டரி. பசை போட்டு ஒட்டியிருப்பதால் பிரித்தால் உடைகிறது, உடைக்காமல் பிரித்தாலும் மாற்றுப் பேட்டரி கிடைப்பதில்லை. என் கையில் வந்தவற்றில் அநேகம் இரண்டு வருடத்தைத் தாண்டவில்லை. அவற்றைக் குப்பையில் போட எனக்குப் பயம், நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022-இல் மின்கழிவுக்கும் பேட்டரிக் கழிவுக்கும் புது விதிகள் வந்தன, தயாரிப்பவர்களுக்குத் திரும்பப் பெறும் பொறுப்பு இருக்கிறது. எங்கள் ஊரில் உங்களில் ஒருவர்கூட இந்த டப்பாவை வாங்கிக்கொள்ள வந்து நான் பார்த்ததில்லை.

உங்கள் முடிவால் எனக்கு நஷ்டம் இல்லை, லாபம்தான். வயர் ஹெட்செட்டில் எனக்கு 20, 30 ரூபாய் நிற்கும். பட்ஸில் 200, 300 நிற்கும். கன்வெர்ட்டரில் தனிக் காசு, சார்ஜிங் பின் வேலையில் தனிக் காசு. இருந்தும் எழுதுகிறேன். என் கடைக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் முன்னைவிட அதிகமாகச் செலவழித்து, முன்னைவிடக் குறைவாக வாங்கிப் போகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. பட்ஸ் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. என் மகளே பட்ஸ்தான் வைத்திருக்கிறாள், அவளுக்கு அது வசதி. வேண்டியவர் வாங்கட்டும். வேண்டாதவரை வாங்க வைக்கிற வேலையை நிறுத்துங்கள் என்கிறேன்.

வயர் ஹெட்செட்டை இன்னும் யார் கேட்கிறார்கள் என்று உங்கள் ஆட்கள் கேட்பதுண்டு. ஒரு வாரம் என் கடையில் வந்து உட்காருங்கள். அணக்கரையிலிருந்து வருகிற மலையாளிச் சேட்டன் போனைத் திருப்பிப் பார்த்து, "இதில் ஹெட்செட் குத்தான் ஸ்தலம் இல்லல்லோ" என்று திருப்பி வைப்பதைப் பாருங்கள். பிள்ளையின் படிப்புக்கு வாங்க வந்த அப்பா, ஜாக் இருக்கிற போன் எது என்று முதல் கேள்வியாகக் கேட்பதைப் பாருங்கள்.

நான் கேட்பது இவைதான்.

15,000 ரூபாய்க்குக் கீழ் விற்கிற எல்லாப் போனிலும் 3.5 மில்லிமீட்டர் ஜாக்கை வையுங்கள், எடுத்தவற்றில் அடுத்த மாடலிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். அதோடு எஃப்.எம். ரேடியோவும் வேலை செய்ய வேண்டும், இன்டர்நெட் இல்லாமல். அதற்கு மேல் விலையுள்ள போன்களில், ஒவ்வொரு நிறுவனமும் ஜாக் வைத்த மாடல் ஒன்றையாவது விற்பனையில் வைத்திருங்கள். லாட்டரி அண்ணனைப் போன்றவர்களுக்கும் நல்ல போன் வாங்கும் உரிமை இருக்கிறது.

ஜாக் இல்லாத போன் என்றால் அதைப் பெட்டியின் முன்பக்கத்தில், மெகாபிக்சல் போடுகிற அதே அளவு எழுத்தில் போடுங்கள். எஃப்.எம். இல்லை என்றால் அதையும். எங்கள் பக்கத்தில் விற்கிற பெட்டியில் தமிழிலும் மலையாளத்திலும் இருக்க வேண்டும். அந்தப் போனுக்கு நிச்சயமாக வேலை செய்கிற கன்வெர்ட்டரைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள், தனிக் காசு வாங்காமல். டைப்-சி வழியாக வருகிற வயரை எஃப்.எம். ஆன்டெனாவாக எடுத்துக்கொள்ளவும் வழி செய்யுங்கள்.

விற்று முடிந்த மாடலுக்கும் ஜாக் பாகத்தைக் குறைந்தது ஏழு வருடம் எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்குக் கிடைக்கச் செய்யுங்கள். பட்ஸின் பேட்டரியை மாற்றுகிற மாதிரி செய்யுங்கள். செத்ததைத் தாலுகாவுக்கு ஓர் இடத்திலாவது திரும்ப வாங்குங்கள். என்னிடம் ஒரு டப்பா தயாராக இருக்கிறது.

மின்னணு அமைச்சகத்துக்கும் ஒரு வார்த்தை. 2023-இல் நீங்கள் அனுப்பியது அறிவுரை. அதை விதியாக்குங்கள். எஃப்.எம்.மும் அதற்கு ஆன்டெனா சொருகும் வழியும் இல்லாத போனை இந்தியாவில் விற்க முடியாது என்று ஆக்குங்கள். மலைப்பகுதி மாவட்டங்களில் அதை முதலில் நடைமுறைப்படுத்துங்கள்.

செய்ய முடியாது என்றால், எந்தக் காரணத்தால் முடியாது என்று பெயர் போட்டு, எல்லோரும் படிக்கும்படி எழுதுங்கள். நான் அதை அச்செடுத்துக் கடை வாசலில் ஒட்டி, கேட்கிறவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

அம்மாவின் பழைய போனுக்குப் பேட்டரி தேடிக்கொண்டிருக்கிறேன். தேனியில் இல்லை, மதுரையில் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடைக்காரர் ஒருவர்,
கம்பம், தேனி மாவட்டம்.